கையேடும் கலயமும்

கைபேசிக் குழுவில் கோயம்புத்தூர்க்காரர் ஒருவர் ஒரு கேள்வி போட்டிருந்தார். ஜியோகேச்சிங்கில் பழம் தின்று கொட்டை போட்டவர்களுக்குக் கையேடு எதற்கு, வாங்கினால் ஏதாவது பிரயோஜனம் உண்டா என்று. கேட்டதுதான் தாமதம், ஆளாளுக்குத் தீர்ப்பு எழுத ஆரம்பித்துவிட்டார்கள். முதல் பாதி நமக்குத் தெரிந்ததுதான், பின்பாதியில் சரக்கு இருக்கிறது என்று ஒருவர். புத்தகமே வேண்டாம், நாலு இடம் அலைந்தால் தானாக வரும் என்று இன்னொருவர். நான் வாயைத் திறக்கவில்லை. திறந்திருந்தால் கெட்ட வார்த்தைதான் வந்திருக்கும். என்னிடமும் அப்படி ஒரு புத்தகம் இருக்கிறது. வழவழத் தாள், வண்ணப் படங்கள், அட்டையில் ‘அனுபவசாலிகளுக்கு’ என்று ஆங்கிலத்தில் கொட்டை எழுத்து. அதை எதற்காக வாங்கினேன் என்று சொன்னால் அந்தக் குழுவில் ஒருவரும் நம்பமாட்டார்கள்.

இந்த ஆட்டம் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. ஒருவர் ஒரு டப்பாவை எங்காவது ஒளித்து வைப்பார். அந்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களை இணையத்தில் போடுவார். மற்றவர்கள் கைபேசியைப் பார்த்துக்கொண்டே தேடி வருவார்கள். டப்பா கிடைத்தால் உள்ளே இருக்கும் சீட்டில் பேரும் தேதியும் எழுத வேண்டும். உள்ளே கிடக்கிற சின்னச் சாமான் ஏதாவது பிடித்திருந்தால் எடுத்துக்கொண்டு, பதிலுக்கு ஒன்றைப் போட்டுவிட்டு, எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டு வர வேண்டும். அவ்வளவுதான். பரிசு கிடையாது, பட்டம் கிடையாது. கிறுக்குத்தனம் என்று நீங்கள் சொன்னால் நான் சண்டைக்கு வரமாட்டேன். பாளையங்கோட்டையில் நீதிமன்ற எழுத்தர் வேலை எனக்கு. வரப்புத் தகராறும் பாகப்பிரிவினையுமாக நாள் முழுக்கக் கட்டு கட்டாகப் புரட்டிக்கொண்டிருப்பவனுக்கு, யாரும் சொந்தம் கொண்டாடாத ஒரு டப்பாவைத் தேடி ஞாயிற்றுக்கிழமை ஆற்றங்கரையில் அலைவது பெரிய ஆறுதலாக இருந்தது.

திருநெல்வேலியில் இந்தக் கிறுக்கு பிடித்தவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். அதில் ஒருவர் என் சிநேகிதர். வெளிநாட்டில் பொறியாளராக இருந்துவிட்டு, மகனை அங்கேயே விட்டுவிட்டு, ஊரோடு வந்து சேர்ந்தவர். இந்த ஆட்டத்தை எனக்குப் பழக்கியவரே அவர்தான். அவர் வீட்டு அலமாரியில் ஒரு தட்டு முழுக்க ஜியோகேச்சிங் கையேடுகள். எங்களுக்குள் ஓயாத வழக்கே அதைப் பற்றித்தான். அந்தப் புத்தகங்களை எழுதினவர்கள் காடும் பூங்காவும் உள்ள தேசத்து ஆட்கள், அங்கே மரத்தடி என்றால் மரத்தடி, இங்கே மரத்தடி என்று ஒன்று கிடையவே கிடையாது என்பேன். இங்கே இருப்பதெல்லாம் இன்னாருடைய பனை, இன்னாருடைய கிணற்றுமேடு, இன்ன சாமிக்கு விட்ட புளி. அந்தப் புளிக்கே மூன்று பேர் பாத்தியதை கேட்டு வழக்கு நடத்துவதை நான் தினமும் பார்க்கிறேன். நமக்கு அந்தப் புத்தகம் ஒத்துவராது என்பேன். “படிக்காமலே தீர்ப்புச் சொல்லுதீரு வே” என்று சிரிப்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

டப்பா அந்த இடத்துக்குச் சொந்தமான பொருள் மாதிரியே தெரிய வேண்டும், வழியோடு போகிறவன் அதை ஏறிட்டுக்கூடப் பார்க்கக் கூடாது, கைதேர்ந்தவனுக்கு அதுதான் அடையாளம் என்று அவருடைய கையேடு ஒன்றில் இருந்ததாம். அந்த ஒரு பக்கத்தைப் படித்துவிட்டு மனுஷன் செய்த காரியத்தைக் கேளுங்கள். ஸ்ரீவைகுண்டத்தில் என் அக்காவுக்கு வாழைத்தோட்டம் இருக்கிறது. ஒருமுறை அவரை அக்கா வீட்டுக்குச் சாப்பிடக் கூட்டிப்போயிருந்தேன். தோட்டத்தைச் சுற்றி வந்தவர், மூலையில் தனியாக நின்ற ஒரு பனையைப் பார்த்து மனதில் வைத்துக்கொண்டார். பனையின் அடிமூட்டில் எது கிடந்தால் யாரும் சந்தேகப்படமாட்டார்கள்? கலயம். பதநீர் இறக்குகிற சின்ன மண்கலயம் ஒன்று வாங்கினார். டப்பாவை அதற்குள் வைத்து, எறும்பு ஏறாமல் கலயத்து வாயைத் துணியால் கட்டி, பனை மூட்டில் பாதி தெரிகிற மாதிரி புதைத்தார். கைக்குக் கிடைத்த துணி சிவப்பு. அடர்ந்த வாழைக்குள் வானம் திறந்து, செயற்கைக்கோள் ஒழுங்காகப் பிடிக்கிற இடம் அந்த மூலை ஒன்றுதான். அது தென்மேற்கு மூலை, கன்னிமூலை. அங்கே சிவப்புத் துணி கட்டிப் புதைத்த புதுக் கலயத்துக்கு ஆற்றங்கரை ஊர்களில் என்ன அர்த்தம் என்று பால்குடிப் பிள்ளையைக் கேட்டாலும் செய்வினை என்று சொல்லும். இவரும் இந்தப் பக்கம் பிறந்தவர்தான். புத்தகத்தில் போட்டிருக்கவில்லை, அதனால் ஞாபகம் வரவில்லை போலிருக்கிறது.

ஆடி அமாவாசைக்கு அப்பாவுக்குத் தர்ப்பணம் கொடுக்க வருஷா வருஷம் நான் ஸ்ரீவைகுண்டத்து ஆற்றுக்குத்தான் போவேன். கொடுத்து முடித்து அக்கா வீட்டில் சாப்பாடு. அந்த வருஷம் கரையேறிக் கைபேசியைப் பார்த்தால், புதிதாக ஒரு புள்ளி, அக்கா தோட்டத்திலேயே! புதிதாக வைத்த டப்பாவை முதலில் கண்டுபிடிப்பது எங்களுக்குப் பெரிய கௌரவம். ஈர வேட்டியோடு போனேன். சிவப்புத் துணியைப் பார்த்ததும் எனக்குச் சுருக்கென்றது. அங்கே நின்றபடியே சிநேகிதருக்குப் போன் போட்டு, தோட்டத்துக்காரர்களிடம் கேட்டுத்தான் வைத்தீரா என்று கேட்டேன்.

“எல்லாம் கேட்டாச்சு வே. அங்கன நின்ன ஆளு, தாராளமா வைங்கன்னுட்டாரு” என்றார்.

அத்தானைத்தான் சொல்கிறார் என்று நினைத்தேன். அவர் கேட்டது பக்கத்துத் தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்ச வந்த ஆளிடம் என்பது பின்னால்தான் தெரிந்தது. சீட்டில் முதல் பேராக என் பேரை எழுதி, பக்கத்தில் தேதி போட்டேன். அக்கா வீட்டில் சாப்பிடும்போது அதைப் பற்றிப் பேச்செடுக்கவில்லை. அத்தானுக்குத்தான் தெரியுமே. ஆடாதவர்கள் முன்னால் டப்பா இருக்கும் இடத்தைப் பேசுவது இந்த ஆட்டத்தில் வழக்கமும் இல்லை.

அதன்பிறகு எங்கெங்கோ இருந்து ஆட்கள் வந்து போனார்கள். நவதிருப்பதி சேவிக்க வந்த சென்னைக்காரப் பெண் ஒருத்தி டப்பாவில் ஒரு கண்ணாடி வளையலைப் போட்டாள். மதுரைக்காரர் ஒரு சின்னப் பூட்டு போட்டார். வேறு யாரோ சாவிக்கொத்துப் பொம்மை. ஒவ்வொன்றும் இணையத்தில் பதிவாகி, நானும் பார்த்து சந்தோஷப்பட்டுக்கொண்டுதான் இருந்தேன். வளையல், பூட்டு, பொம்மை, பேரெழுதிய சீட்டு. இப்போது இதை எழுதும்போதே எனக்குக் கை கூசுகிறது.

ஐப்பசிக் காற்றில் அக்காவின் வாழை முக்கால்வாசி ஒடிந்து சாய்ந்தது. பக்கத்துத் தோட்டங்களிலும் சாய்ந்தது, ஆனால் அதை யார் நினைத்துப் பார்க்கிறார்கள்? கார்த்திகையில் அத்தான் குளியலறையில் வழுக்கி விழுந்து தொடை எலும்பு முறிந்தது. அக்காவுக்கு ஒரே மகள். தையில் அவளுக்கு வந்த சம்பந்தம் பூ வைக்கிற நேரத்தில் நின்றது. மாசியில் இன்னொன்று, காரணமே சொல்லாமல் நின்றது. பங்குனியில் சாய்ந்த வாழையைத் தோண்டி எடுத்துப் புதுக் கன்று வைக்க ஆள் இறங்கியபோது, மண்வெட்டியில் கலயம் தட்டுப்பட்டது.

கலயம் எடுத்த சேதி எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்தது ஒன்றுதான், அக்கா போனை எடுக்கவில்லை. முதலில் வேலையாக இருப்பாள் என்று விட்டேன். பிறகு அத்தான் எடுத்து, தூங்குகிறாள் என்றார். அப்புறம் அவரும் எடுக்கவில்லை. சித்திரையில் ஒரு ஞாயிறு நேரே கிளம்பிப் போனேன். அக்கா வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றுவதற்குள் காப்பி வந்துவிடும், அது அந்த வீட்டு வழக்கம். அன்றைக்குத் தண்ணீர்கூட வரவில்லை. அக்கா உள்ளறையில் இருந்தாள். அவள் மகளையும் காணோம். அத்தான் ஊன்றுகோலோடு முன்ஹாலில் உட்கார்ந்திருந்தார். நான் வாழையைப் பற்றிக் கேட்டேன், காலைப் பற்றிக் கேட்டேன். எல்லாவற்றுக்கும் ம் என்று ஒரு பதில். கடைசியில் தலையை நிமிர்த்தாமலே சொன்னார்.

“கலயத்துல உம்ம பேருதான் மொதல்ல இருந்துது, மாப்ளே. எழுத்தும் உம்ம எழுத்துதான். உங்க அக்காதான் பாத்துச் சொன்னா.”

எனக்கு அப்போதுதான் எல்லாம் விளங்கியது. விளங்கியதும் என்ன செய்தேன் தெரியுமா? சிரித்தேன். இவ்வளவுதானா, இதற்கா இத்தனை நாள் என்று வந்த சிரிப்பு அது. அப்பாடா என்று வந்த சிரிப்பு. உள்ளறையில் இருந்தவர்களுக்கு அது எப்படிக் கேட்டிருக்கும் என்று யோசிக்க அப்போது புத்தி இல்லை.

உட்கார்ந்து முதலிலிருந்து விளக்கினேன். செயற்கைக்கோள், எண்கள், தேடி வருகிறவர்கள், சீட்டு. அத்தான் படித்தவர், கூட்டுறவு வங்கியில் இருந்து ஓய்வு பெற்றவர். பொறுமையாகக் கேட்டார். கேட்டுவிட்டு, தேடி வருகிறவன் யார் என்றார். யார் வேண்டுமானாலும் என்றேன். கண்டுபிடித்தால் என்ன கிடைக்கும் என்றார். ஒன்றும் கிடைக்காது என்றேன். பின்னே எதற்குத் தேடுகிறான் என்றார். கண்டுபிடிக்கத்தான் என்றேன். கண்டுபிடித்து என்ன செய்வான் என்றார். பேர் எழுதிவிட்டுத் திரும்பப் புதைத்துவிடுவான் என்றேன். சொல்லும்போதே என் காதுக்கே அது பொய்யாகக் கேட்டது. எத்தனையோ சாட்சிகள் கூண்டில் நின்று உளறுவதைப் பார்த்திருக்கிறேன். உண்மையைச் சொல்கிறவனும் அப்படித்தான் உளறுவான் என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன்.

கலயத்தைக் காட்டுங்கள் என்றேன். அது எங்கே இருக்கிறது? கண்டெடுத்த மறுநாளே தெற்கேயிருந்து ஒருவரை வரவழைத்து, பூசை போட்டு, கடலில் கொண்டுபோய் எறிந்தாயிற்றாம். சீட்டில் தேதி இருந்ததல்லவா, அதைப் பஞ்சாங்கத்தில் பார்த்தார்களாம். ஆடி அமாவாசை. அன்றைக்கு நான் ஈர வேட்டியோடு தோட்டத்துக்குள் போனதைப் பார்த்த ஆளும் இருந்தார். வேறென்ன வேண்டும்? நானே அந்தக் கட்டைப் புரட்டியிருந்தாலும் குற்றவாளி என்றுதான் நினைத்திருப்பேன்.

செய்வதற்குக் காரணமும் அவர்களுக்குக் கிடைத்திருந்தது. அந்தத் தோட்டம் அப்பாவுடையது. எனக்கு அரசாங்க வேலை இருக்கிறது, அக்காவுக்கு இருக்கட்டும் என்று என் பங்கை மனதார விட்டுக்கொடுத்தேன். எழுதிக் கொடுத்த அன்றைக்கு அக்கா அழுதாள், நான் அவளைக் கேலி செய்தேன். இப்போது அந்தத் தோட்டத்துக்காக நான் மனதுக்குள் புழுங்கிக்கொண்டிருந்ததாக ஆகிவிட்டது. எழுந்து வந்துவிட்டேன்.

சிநேகிதரிடம் போய், நீர் ஒரு நடை வந்து, வைத்தது நான்தான் என்று என் அத்தானிடம் சொல்லிவிடும், வேறொன்றும் வேண்டாம் என்றேன். அவர் முகம் சுருங்கியது. அந்த ஊரில் தன் பேர் அடிபடக் கூடாது, தகராறு என்று வந்தால் அக்கம்பக்கம் என்ன நினைக்கும் என்றார். “அவங்களுக்குச் சொன்னா வெளங்காது வே. நீரே பைய எடுத்துச் சொல்லும்” என்றார். நான் விடவில்லை. அடுத்த ஞாயிறு என்றார், அதற்கடுத்த ஞாயிறு என்றார். வாய்தா மேல் வாய்தா. ஒருநாள் பார்த்தால் மகன் வீட்டுக்கு விமானம் ஏறியிருந்தார். போகுமுன் ஒரு நல்ல காரியம் செய்தார். இணையத்தில் அந்தக் கலயத்தின் பக்கத்தையே அழித்துவிட்டார். எனக்கு இருந்த ஒரே ஆதாரமும் போயிற்று.

வைகாசியில் பிள்ளைக்கு ஏரலில் இருந்து ஒரு சம்பந்தம் வந்தது. நல்ல இடம், பையனும் நல்லவன் என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். நிச்சயம் ஆனதை நான் மூன்றாம் மனுஷர் சொல்லிக் கேட்டேன். கல்யாணம் ஆவணியில். நான் அவளுக்கு ஒரே தாய்மாமன். காது குத்தும்போது என் மடியில்தான் உட்கார்ந்தாள், என் சட்டையைப் பிடித்துக்கொண்டுதான் அழுதாள். மணவறைக்கு அவளை மாலை போட்டுக் கைபிடித்து அழைத்து வர வேண்டியவன் நான். எனக்குப் பிள்ளைகள் இல்லை. அந்த ஒரு நடைக்காக அவள் பிறந்த நாளிலிருந்து காத்திருக்கிறேன் என்று சொன்னால் மிகை இல்லை. அழைப்பிதழ் அச்சுக்குப் போவதற்குள் என் பேர் அதில் ஏற வேண்டும். அதற்கு நான் செய்தது விளையாட்டுதான் என்று நிரூபிக்க வேண்டும்.

அப்போதுதான் கையேடு ஞாபகம் வந்தது. எத்தனையோ வருஷமாக அந்தப் புத்தகங்களைக் கேவலமாகப் பேசியவனுக்கு, இப்படி ஒரு ஆட்டம் உலகத்தில் உண்டு என்பதற்கு அச்சடித்த அத்தாட்சி அதைத் தவிர வேறு தெரியவில்லை. கைபேசியில் காட்டினால் நம்பமாட்டார்கள், அதில் யார் வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் எழுதலாம் என்று அத்தான் முன்பே சொல்லியிருந்தார். புத்தகம் என்றால் ஒரு மதிப்பு உண்டு. இணையக் கடையில் ஆரம்ப நிலைக்காரர்களுக்கான மெலிந்த புத்தகம் ஒன்று இருந்தது. அது சோப்போடு இலவசமாகக் கொடுக்கும் சின்னப் புத்தகம் மாதிரி இருந்தது. இந்த அனுபவசாலிகள் புத்தகம்தான் கனமாக, பார்த்ததும் மரியாதை வருகிற மாதிரி இருந்தது. தபாலில் வந்ததும் பிரித்துப் பார்த்தேன். முதல் பக்கங்களில் வெள்ளைக்காரக் குடும்பங்கள் மரத்தடியில் டப்பாவை வைத்துக்கொண்டு சிரித்தன. அது போதும் என்று தோன்றியது. மீதியை ஆற அமரப் பார்க்கவில்லை.

ஆனியில் கொண்டுபோனேன். இந்த முறை அத்தான் உட்காரச் சொன்னார். புத்தகத்தை மடியில் வைத்து, கண்ணாடி போட்டு, ஒவ்வொரு பக்கமாகத் திருப்பினார். சிரிக்கிற குடும்பங்களைப் பார்த்தார். கீழே இருந்த ஆங்கிலத்தை வாய்க்குள் வாசித்தார். அவர் முகம் மெல்ல இளகுவதைப் பார்த்தேன். “இப்படியும் ஒரு பொழுதுபோக்கு, என்ன வே” என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. உள்ளறைக் கதவு கொஞ்சம் திறந்தது, அக்கா நிற்பது நிழலாகத் தெரிந்தது. இன்னும் நாலு பக்கத்தோடு அவர் மூடியிருந்தால் நான் தப்பித்திருப்பேன்.

அவர் மூடவில்லை. எதையும் கடைசிவரை பார்க்கிற மனுஷர். பின்பாதிக்கு வந்தார். அனுபவசாலிகளுக்கு டப்பாவின் இடத்தை நேராகச் சொல்லமாட்டார்கள், புதிராகப் போட்டு, அதை விடுவித்தால்தான் எண் கிடைக்கும். அந்தப் புதிர்கள் பக்கம் பக்கமாக அச்சாகியிருந்தன. சதுரக் கட்டங்கள், கட்டத்துக்கு ஒரு எழுத்து, எழுத்துக்கு ஒரு எண், வட்டத்துக்குள் முக்கோணம், புள்ளிகளும் கோடுகளும் கொக்கிகளும். அத்தான் ஒரு பக்கத்தில் விரலை வைத்தார். “இது என்ன சக்கரம்?” என்றார். நான் புதிர் என்றேன். அடுத்தது டப்பாவை எதற்குள் எல்லாம் மறைக்கலாம் என்ற அத்தியாயம். பொம்மைத் தலைக்குள், ரப்பர்ப் பல்லிக்குள், பொய் எலும்புக்குள். படத்தோடு. அத்தான் புத்தகத்தை மூடி, இடதுகையால் என் பக்கம் தள்ளினார். தள்ளின கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார். பூசைக்கு வந்தவர் வைத்திருந்த ஏட்டில் இதே மாதிரிதான் இருந்தது என்றார்.

நான் குரலை உயர்த்திவிட்டேன். உங்களுக்கெல்லாம் அறிவில்லையா என்று கத்தினேன். கத்தியிருக்கக் கூடாதுதான், ஆனால் யாரால் முடியும்? அப்போது அக்கா வெளியே வந்தாள். அத்தானை உள்ளே போய்ப் படுக்கச் சொன்னாள். அவர் ஊன்றுகோலைத் தட்டிக்கொண்டு போனதும், என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். மெலிந்திருந்தாள்.

“நீ செய்ய மாட்டேன்னு எனக்குத் தெரியாதாலே?” என்றாள்.

தெரிந்துகொண்டா இத்தனை மாதம் போனை எடுக்காமல் இருந்தாள்? அவள் குரலைத் தாழ்த்திச் சொல்லிக்கொண்டே போனாள். ஏரல்காரர்கள் பெண் பார்க்க வந்தபோது, ஏற்கெனவே இரண்டு சம்பந்தம் கிட்ட வந்து ஏன் நின்றது என்று பையனுடைய அம்மா கேட்டிருக்கிறாள். பிள்ளையிடம் ஏதாவது குறையா, உடம்புக்கு ஏதாவதா, வேறு ஏதாவது பேச்சா என்று நேருக்கு நேர் கேட்டிருக்கிறாள். அக்காவுக்குச் சொல்வதற்கு ஒரு பதில்தான் இருந்தது. தோட்டத்தில் கலயம் எடுத்தோம், சொந்தத்திலேயே வைத்துவிட்டார்கள், இப்போது எடுத்தாயிற்று. அதைக் கேட்டதும் அந்த அம்மாளுக்கு நிம்மதியாகிவிட்டதாம். தங்கள் குடும்பத்திலும் அப்படி ஒன்று நடந்ததாகச் சொல்லி, அக்கா கையைப் பிடித்துக்கொண்டாளாம். ஒரே ஒரு நிபந்தனை, வைத்தவர் கை பெண் மேல் படக் கூடாது.

“வெளையாட்டுன்னு இப்பப் போயிச் சொன்னா, பின்ன அந்த ரெண்டும் எதுக்கு நின்னுதுன்னு கேப்பாங்களே. பிள்ளைட்ட கொறைன்னுல்லா ஆயிரும்” என்றாள். “நீ வச்சதுன்னே இருக்கட்டும்லே. கல்யாணம் மட்டும் முடியட்டும். அப்புறம் எல்லாம் பழையபடி ஆயிரும்.”

என்னென்னவோ கேட்க வேண்டும் போலிருந்தது. என் மானம் உனக்குப் பெரிதில்லையா என்று கேட்டிருக்கலாம். அவள் அழவில்லை, கெஞ்சவும் இல்லை, வீட்டுக் கணக்கை எடுத்துச் சொல்கிற மாதிரிச் சொன்னாள். அதுதான் என்னை அடித்துப் போட்டது. பையனுடைய அம்மா கேட்ட கேள்விக்கு என்னிடம் வேறு பதில் இருக்கிறதா என்று யோசித்தேன். இல்லை. சரி என்றேன். பிள்ளை உள்ளேயிருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்திருப்பாள், வெளியே வரவில்லை. புத்தகத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பஸ் ஏறினேன்.

ஆவணியில் கல்யாணம் நடந்தது. ஒன்றுவிட்ட தம்பி ஒருவன், அவளை இரண்டு தடவை பார்த்திருந்தால் அதிகம், அவன்தான் மாமனாக நின்று மாலை போட்டு அழைத்து வந்தானாம். நான் அன்றைக்கு விடுப்புக்கூடப் போடவில்லை. சக எழுத்தர் ஒருவர், தங்கச்சி மகள் கல்யாணம் என்று சொன்னீரே, போகவில்லையா என்றார். அக்கா மகள் என்று திருத்தினேன். நல்ல கல்யாணம், சாப்பாடு பிரமாதம் என்று போய்வந்தவர்கள் சொன்னார்கள்.

அதன்பிறகு அந்த வீட்டில் எல்லாமே நன்றாக நடந்தது. அத்தான் ஊன்றுகோலை விட்டுவிட்டு நடக்க ஆரம்பித்தார். புதுக் கன்று தழைத்து வந்தது. அந்த வருஷத்து ஐப்பசியில் காற்றே இல்லை. மார்கழியில் பிள்ளை முழுகாமல் இருக்கிறாள் என்று கேள்விப்பட்டேன். வாசலைத் தாண்டாமலே ஒவ்வொரு சேதியும் என் காதுக்கு வந்தது. எனக்கு சந்தோஷம்தான். என் கையால் தூக்கி வளர்த்த பிள்ளை. ஆனால் ஒவ்வொரு நல்ல சேதிக்கும் ஒரு பயம் வந்தது. கலயத்தை எடுத்தார்கள், என்னைத் தள்ளி வைத்தார்கள், குடும்பம் துளிர்த்தது. இதற்கு மேல் ஒரு சாட்சி எந்த வழக்கில் கிடைக்கும்?

கல்யாணம் முடிந்தால் பழையபடி ஆகும் என்று அக்கா சொல்லியிருந்தாள். பொங்கல் வந்தது. உடன்பிறந்தவளுக்குப் பொங்கல்படி கொண்டுபோவது எங்கள் பக்கத்தில் சகோதரன் கடமை. அப்பா போன பிறகு ஒரு வருஷம்கூட நான் தவறியதில்லை. பச்சரிசி, வெல்லம், மஞ்சள் குலை, கரும்பு எல்லாம் வாங்கிக் கட்டிவைத்தேன். சும்மா போய் நிற்க வேண்டாம் என்று முதல் நாள் காலையில் போன் போட்டேன். அக்காவே எடுத்தாள். எத்தனை மாதத்துக்குப் பிறகு அவள் குரல்! நாளைக்குக் காலை முதல் பஸ்ஸில் வருகிறேன் என்றேன்.

“இந்த வருசம் வேண்டாம்லே” என்றாள்.

அத்தான் ஏதும் சொல்கிறாரா என்று கேட்டேன். அவுக ஒண்ணும் சொல்லவில்லை என்றாள். ஏரல்காரர்கள் யாரும் வருகிறார்களா என்று கேட்டேன். அதெல்லாம் இல்லை என்றாள். பின்னே என்ன, வாசலில் வைத்துவிட்டாவது போகிறேனே என்றேன்.

“வாசலுக்கும் வேண்டாம். இப்பதான்லே எல்லாம் நல்லாருக்கு” என்றாள்.

நான் எதையும் வைக்கமாட்டேன் என்று இந்த உலகத்தில் சத்தியம் செய்யக்கூடிய ஒருத்தி அவள்தான். அவளுக்கே என்னைக் கண்டு பயம் வந்துவிட்டது.